தலை ஆடினால் ஆட்டம் காலி!
கரகத்தில் இருக்குது கோல்ப் ரகசியம்

ஆடி மாதம் திருவேற்காடு, பூந்தமல்லி பக்கம் அம்மன் கோவில் திருவிழாக்களில் கரகாட்டம் பார்த்திருப்பீர்கள். உடம்பு பம்பரமாய்ச் சுழலும். இடுப்பு வளையும். சலங்கை அதிரும். தலையில் இருக்கும் கரகம் மட்டும் விழாது!

பணக்காரர் ஆட்டம் என்று பெயரெடுத்த கோல்ப் விளையாட்டுக்கும் இதே வித்தைதான் உயிர்நாடி.

கோல்ப் பந்தின் எடை 46 கிராம்கூட இல்லை. எலுமிச்சம்பழ அளவுதான். ஓடி வருகிற பந்தும் இல்லை. தரையில் சும்மா கிடக்கும். அடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால், புதிதாக மட்டை பிடித்தவர் பல தடவை காற்றைத்தான் அடிப்பார்!

‘சென்டர்’ அவுட்!

காரணம் என்ன? அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் தொழிலாளிக்கு இது தெரிந்த சங்கதி. ஜாப் சுற்றலாம், சென்டர் விலகக்கூடாது. விலகினால் கடைசல் கெட்டது.

கோல்ப் ஆட்டத்தில் மட்டையை ஓங்கும்போது தோள் சுமார் 90 டிகிரி திரும்புகிறது. இடுப்பு அதில் பாதி. தலைதான் சென்டர். அது இரண்டு அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்தால், மட்டை இறங்குவதற்குள் பழைய இடத்துக்கு வர வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் சுமார் கால் விநாடி. நடக்கிற காரியமா?

தலையைச் சட்டென்று தூக்கினாலும் வம்புதான். மட்டை பந்தின் உச்சியில் பட்டு, பந்து தரையோடு உருண்டு போகும்.

முடியைப் பிடித்தார்!

அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் சிறுவனாகப் பழகியபோது, குரு ஜாக் கிரௌட் ஒரு வழி செய்தார். உதவியாளர் எதிரே நின்று பையனின் தலைமுடியைப் பிடித்துக்கொள்வார். தலை அசைந்தால் முடி இழுபடும். பையன் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தப் பையன்தான் பின்னாளில் 18 பெரும் போட்டிகளை வென்றார். கடைசி வெற்றி 1986-ல், 46-வது வயதில்!

நம் நாட்டு அலி ஷேர் டெல்லியில் அடுத்தவர் கோல்ப் பையைச் சுமந்தவர். அந்த வேலைக்குக் ‘கேடி’ என்று பெயர். (நம்ம ஊர் கேடி இல்லை!) 1991-ல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். 1993-ல் மறுபடியும்.

விறைத்தால் ஆபத்து

அதற்காகக் கழுத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கலாமா? கூடாது! கோல்ப் ஆடுகிறவர்களுக்கு அதிகம் வருகிற உபாதைகளில் இடுப்புவலியும் ஒன்று. தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உடம்பை முறுக்கினால் கழுத்தும் இடுப்பும்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

நிக்லஸ்கூட மட்டையை ஓங்குமுன் முகவாயை வலப்பக்கம் லேசாகத் திருப்பிக்கொள்வார். தோள் திரும்ப இடம் கிடைக்கும். பந்து போன பிறகு தலையும் உடம்போடு திரும்ப வேண்டியதுதான். கரகக்காரரின் கழுத்தும் கல் இல்லை. நூலளவு அசைந்து அசைந்துதான் கரகத்தை நிறுத்துகிறது.

எலுமிச்சை சோதனை

மட்டை இல்லாமலே சோதித்துப் பார்க்கலாம். ஆவடியோ அம்பத்தூரோ, சாயங்காலம் மொட்டை மாடியில் வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். தலையின் நிழல் விழும் இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வையுங்கள். கைகளை மார்பில் கட்டி, தோளை மெல்லத் திருப்புங்கள். பழம் நிழலுக்குள்ளேயே இருந்தால் பாஸ்! வெளியே வந்துவிட்டால் தலை ஓடிவிட்டது என்று அர்த்தம். வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பந்து எங்கே போச்சுன்னு பார்க்க அவசரப்படாதீங்க. ஒழுங்கா அடிச்சா, ஊரே சொல்லும்!