லாலாங் எங்கே முளைக்கிறது?

ஜார்ஜ் டவுனில் வெயில் உச்சிக்கு ஏறியிருந்த ஒரு நாள். சீன மூலிகைத் தண்ணீர் விற்கும் தள்ளுவண்டி ஒன்றின் முன் நின்றோம். கரும்பையும் ஏதோ ஒரு வெள்ளை வேரையும் சேர்த்துக் காய்ச்சிய தண்ணீர் அது. உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று நம்மவர்களும் வாங்கிக் குடிப்பதுண்டு. என்ன வேர் என்று கேட்டோம். "லாலாங் லா!" என்று சிரித்தார் கடைக்காரர்.

நம்முடன் ஓர் அம்மாள் வந்திருந்தார். நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருஷத்துக்கு மேல் வெளிக்காட்டில் மருந்தடித்தவர். வாயருகே கொண்டுபோன தம்ளரைக் கீழே இறக்கிவிட்டார். "இந்தச் சனியனைச் சாகடிக்கத்தானே தம்பி, நான் முதுகு ஒடிய பம்பு தூக்கினேன்? அதையா இங்கே காசு குடுத்துக் குடிக்கிறாங்க?"

நியாயமான கேள்விதான். லாலாங்கைத் தெரியாத தோட்டப் பிள்ளை உண்டா? காலைக் கிழித்திருக்கும், அதன் வெள்ளைப் பூவைப் பிடுங்கி ஊதி விளையாடியிருப்போம். ஆனாலும் அந்தப் புல் எங்கே முளைக்கிறது, ஏன் அங்கே முளைக்கிறது, அதோடு சேர்ந்து என்னென்ன வளர்கிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? கொல்லச் சொன்னார்கள், கொன்றோம். அதுவும் சாகவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். லாலாங் வந்தேறிப் பூண்டு அல்ல, இந்த மண்ணின் சொந்தப் புல். நாம் பால் வெட்டிய ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்தது. குலை வெட்டும் செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. தொட்டாற்சுருங்கியும் உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வெளியூரிலிருந்து வந்தவற்றுக்குப் பயிர் என்று பெயர் கொடுத்து, உள்ளூர்க்காரனைக் களை என்று சொல்லிவிட்டோம்!

தமிழ்நாட்டிலும் இது உண்டு. பல ஊர்களில் தருப்பை என்று இதைத்தான் பறிப்பார்கள். சாஸ்திரத்தில் சொல்லும் குசப்புல் வேறு என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். இலங்கை மலையகத்து உறவினர்கள் இதை இலுக்கு என்பார்கள். அதைக் கொண்டு கூரை வேய்ந்த குடும்பங்கள் அங்கே உண்டு. ஆசியாவின் வெப்ப நாடுகளில் லாலாங் காடாகக் கிடக்கும் நிலம் சுமார் 3 கோடியே 50 லட்சம் ஹெக்டேர் என்று 1990களில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். இலங்கையில் நாட்டின் நிலத்தில் 23 சதவீதம், பிலிப்பைன்சில் 17 சதவீதம். நம் மலேசியாவிலோ 1 சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு சிறிய இடத்தில் இருப்பதற்காகவா நம் பெண்கள் அவ்வளவு விஷத்தைச் சுமந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சிறிய இடம் தோட்ட நிரைகளுக்கு நடுவில் இருந்ததே, அதுதான் வினை.

காடு போன இடம்

பினாங்கு மலையில் பெரிய மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் நடந்து பாருங்கள். ஒரு லாலாங் கூடக் கண்ணில் படாது. நிழல் அதற்கு எமன். அதே மலையின் அடிவாரத்தில் மண் வெட்டி, மரம் சாய்த்து, வீடமைப்புக்கென்று திறந்துவிட்டு ஏதோ காரணத்தால் அப்படியே போட்டுவிட்ட சரிவைப் பாருங்கள். சீக்கிரமே பச்சைக் கத்திகள் எட்டிப் பார்க்கும். ரயில் பாதை ஓரம், சாலை வெட்டிய மேடு, எரிந்த காடு, கைவிடப்பட்ட மரவள்ளிக் கொல்லை எல்லாம் அதன் இடங்கள். செம்மண்ணோ மணலோ புளித்த மண்ணோ, எதுவும் அதற்குப் பெரிய விஷயமில்லை. தண்ணீர் தேங்கி நிற்கும் சதுப்பு மட்டும் ஒத்துக்கொள்ளாது.

செபராங் பிறைக்கு இந்தக் கதை புதிதல்ல. 1840களிலேயே அங்கே கரும்புத் தோட்டங்கள் எழும்பிவிட்டன. நம் முன்னோர்களில் முதலில் கப்பலேறி வந்தவர்களில் பலர் அந்தக் கரும்புக் காட்டுக்குத்தான் வந்தார்கள். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. இப்போது பத்து காவான் பக்கம் போனால் செம்பனை நின்ற இடத்தில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அந்தப் பகுதியின் முகமே மாறிவிட்டது. இப்படி ஒன்றை அழித்து இன்னொன்றைக் கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் மண் வெயில் பார்த்து வெறுமனே கிடக்கும். அந்த இடைவேளையில் வந்து உட்காருகிறவன் லாலாங்.

அதன் தந்திரம் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே நாம் காணும் இலையைவிடக் கீழே ஓடும் தண்டுதான் அதிகம். வெள்ளை வெளேரென்று, செதில் போர்த்தி, நுனி ஊசி மாதிரி. மரவள்ளிக் கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும். மேலே தீ வைத்தால் இலை சாம்பலாகும்; கீழே தண்டு சூடு தெரியாமல் படுத்திருக்கும். மழை விழுந்ததும் மற்ற எல்லாச் செடிக்கும் முன்னால் தலை நீட்டும். அதுவும் போதாதென்று, எரிந்த பிறகுதான் மும்முரமாகப் பூக்கும். ஒரு பூங்கதிரிலிருந்து ஆயிரக்கணக்கான விதைகள் பஞ்சோடு பறக்கும். மண்வெட்டியால் கொத்திப் போட்டாலோ, விரல் நீளத் துண்டும் தனிப் புல்லாக எழும்பும். ஒன்றை வெட்டினால் பத்தாகும் என்று கிழவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல.

1987 அக்டோபரில் அரசாங்கம் நூற்றுக்கு மேற்பட்டவர்களை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து அடைத்தபோது, அந்த நடவடிக்கைக்கு லாலாங் என்றே பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் அந்தப் புல்லின் குணத்தை யோசித்து வைத்தார்களா என்பது நமக்கு விளங்கவில்லை.

அண்டை வீட்டுக்காரர்கள்

லாலாங் தனியாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் கொஞ்சம் உள்ளே நுழைந்து பார்த்தால் ஒரு கிராமமே குடியிருக்கும். மலாய்க்காரர்கள் செண்டுடுக் என்று சொல்லும் ஊதாப்பூச் செடி முதல் அண்டை வீட்டுக்காரர். அதன் பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துவிடும். பால்வெட்டுக்குப் போன அம்மாவைத் தேடிப் போகும் வழியில் தின்றுவிட்டு அடி வாங்கிய அனுபவம் நமக்கும் உண்டு. சரிவான மேட்டில் ரெசாம் என்னும் பெரணி பின்னிக் கிடக்கும். பிறகு 'ஆகாயக் கப்பல் செடி'. பஞ்சு வைத்த விதை பறந்து பரவும், மலாயில் காப்பால் தெர்பாங் என்று பெயர் வாங்கிய செடி, இதுவும் அமெரிக்க வந்தேறி. ஓரங்களில் தொட்டாற்சுருங்கி. புல்லுக்குள் செம்போத்து உலாவும். சில்லைகள் விதை கொத்தும். தூக்கணாங்குருவி இலையைக் கீறி நார் எடுத்துக் கூடு கட்டும்.

இந்தக் கூட்டத்தைத் தீ வைக்காமல், மருந்தடிக்காமல் அப்படியே விட்டுவிட்டால் என்ன நடக்கும்? செண்டுடுக் உயரும். பறவை போட்ட விதையில் மஹாங் மரமும் மெங்கிராய் மரமும் முளைக்கும். அவை தலைக்கு மேல் நிழல் பரப்பினதும் லாலாங் மெலிந்து, மஞ்சளாகி, தானாகவே ஒழியும். காடு திரும்பி வருவதற்கு முன் மண்ணைக் காற்றும் மழையும் அடித்துக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருக்கும் காவல்காரன் என்றும் அதைச் சொல்லலாம். ஆனால் வருஷா வருஷம் யாராவது தீக்குச்சி கிழித்துப் போட்டால் அது நகரவே நகராது. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் வடக்கே இது நாம் காணும் காட்சிதானே.

தோட்டத்திலும் இதே விதிதான். இளங்கன்று நட்ட நிரையில் லாலாங் ஆளுயரம் நிற்கும். ரப்பர் ஐந்தாறு வயதாகி மேலே இலை கூடிவிட்டால் அது போய், நிழல் தாங்கும் மாட்டுப் புல்லும் பெரணியும் வந்துவிடும். துரைமார்கள் ஆரம்பத்தில் இதைப் புரிந்துகொள்ளவில்லை. ஒரு புல் கூட இருக்கக் கூடாதென்று மண்ணைச் சுரண்டிச் சுரண்டிச் சுத்தமாக வைத்தார்கள். மழையில் மேல்மண் ஆற்றோடு போயிற்று. 1920களுக்குப் பிறகுதான் பியூரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா என்று மூடுகொடிகளைப் படரவிடும் பழக்கம் பரவியது. 1925இல் ஏற்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் அதைச் சொல்லிக் கொடுத்தது. லாலாங்கின் முகத்தை வெயில் பார்க்காமல் மூடுவதுதான் வழி என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் கொடி படர நாள் பிடிக்கும். மருந்து உடனே வேலை செய்வதுபோல் தெரியும்.

மருந்து

விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்தவர் யாரோ, அவர் கெட்டிக்காரர்தான்.

முதலில் அடித்தது சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம். அது பட்ட புல் உப்புக் கரிக்கும். உப்புக்கு ஆசைப்பட்டு மாடு தேடிப் போய் மேயும், மேய்ந்த மாடு செத்து விழும். லயத்தில் இரண்டு மாடு வைத்திருந்த குடும்பத்துக்கு அது சின்ன நஷ்டமா? பால் காசில்தான் பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை, பெண்ணுக்கு ஒரு பவுன். அந்த மாடுகளும் லாலாங்கின் இளங்குருத்தை நம்பித்தான் இருந்தன. எரிந்த இடத்தில் முளைக்கும் குருத்தை மாடு விரும்பித் தின்னும். முற்றிய இலையில் மணல்போல் சரசரக்கும் பொருள் ஏறிவிடும், அப்புறம் வாய் வைக்காது. இதற்காகவே சிலர் தீ வைத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1960களில் பாராகுவாட் வந்தது. அது பட்ட இலை சீக்கிரம் கருகிவிடும். மண்ணுக்குள் இருக்கும் தண்டை அது தொடாது. அதனால் லாலாங் திரும்பத் திரும்ப வந்தது, பெண்கள் திரும்பத் திரும்ப அடித்தார்கள். ஒரு வாய் உள்ளே போனால் உயிர் பிழைப்பது அரிது. மாற்று மருந்து கிடையாது. 1970களில் வந்த கிளைபோசேட் தண்டு வரைக்கும் இறங்கும். அதையே துணியில் நனைத்து, விரலில் சுற்றி, ஒவ்வோர் இலையாகத் துடைக்கும் வேலையும் இருந்தது.

"கையுறையா? யாரு குடுத்தா?" என்றார் அந்த அம்மாள். "பழைய துணியைக் கையில் சுத்திக்குவோம். பதினெட்டு லிட்டர் பம்பு, மேடும் பள்ளமும். காத்து நம்ம பக்கம் திரும்பினா மூஞ்சியெல்லாம் மருந்து. மூக்குல ரத்தம் வரும். நகம் கறுத்து உதிர்ந்து போச்சு. பெரட்டுல சொன்னா, நாளைக்கு வேலைக்கு வராதேம்பாங்க."

2002இல் தெனாகனித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிமருந்து எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2006இல் தடை தளர்ந்தது. கடைசியாக 2020 ஜனவரி 1 முதல்தான் உண்மையாகவே தடை வந்தது. இடையில் 18 ஆண்டுகள்! கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியது. தயாரிப்பாளர்கள் மறுக்கிறார்கள். வழக்குகள் அமெரிக்காவில் நடக்கின்றன. பம்பு இங்கே முதுகில் இருக்கிறது. இன்று நம் பெண்களோடு வங்காளதேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியச் சகோதரர்களும் அதைச் சுமக்கிறார்கள். முழுக் கைச் சட்டை, கையுறை, முகமூடி, பூட்ஸ் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த உடையை வீட்டுத் துணியோடு போட்டுத் துவைக்காதீர்கள்.

வீட்டுக் கொல்லையில் லாலாங் தொல்லை என்றால் வெட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஒரு பலகையைக் குறுக்கே போட்டு மிதித்து, இலையைத் தரையோடு சாய்த்துவிடுங்கள். வெட்டினால் உடனே துளிர்க்கும் புல், சாய்த்தால் அவ்வளவு வேகமாக எழும்புவதில்லை. அதன் மேல் அவரையோ சர்க்கரைவள்ளியோ படரவிடலாம். தோண்டினால் வெள்ளைத் தண்டைப் பொறுக்கி வெயிலில் காயவைக்க வேண்டும், அங்கேயே விட்டுவிட்டால் செய்த வேலை வீண். மூலிகைத் தண்ணீருக்கென்று தோட்ட ஓரத்தில் வேர் பிடுங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மருந்தடித்த இடத்து வேர் வேண்டவே வேண்டாம்.

அந்த அம்மாள் இப்போது தோட்டத்தில் இல்லை. மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் நான்காவது மாடியில் இருக்கிறார். தோட்டம் விற்றுப்போன பிறகு மாடுகளையும் விற்றுவிட்டார்கள். லயம் இடித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார், அன்று மாலையே கூட்டிப் போனோம். வேலி போட்டு, அறிவிப்புப் பலகை நட்டிருந்தார்கள். கட்டடம் இன்னும் எழும்பவில்லை. லயம் நின்ற வரிசையும், ஆயா கொட்டகை இருந்த மேடும், கோயிலுக்குப் போகும் பாதையும் வெள்ளைப் பூவாக ஆடிக்கொண்டிருந்தன. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அதோ அங்கே மட்டும் முளைக்கலை பாருங்க தம்பி. நான் வச்ச மாமரம். அதோட நிழல்."