ஊரார் உறக்கமும் ஓட்டாண்டியின் படுக்கையும்

நள்ளிரவு! பகலெல்லாம் பாடுபட்டுக் களைத்தவன் படுக்கையிலே புரளுகிறான். பக்கத்து வீட்டிலே பாட்டுப்பெட்டி அலறுகிறது. மாடிப்படியிலே விடலைகள் கூச்சல். விடிந்து பார்த்தால் சன்னல் கண்ணாடி சுக்குநூறு, வாசலிலே குப்பைக் குவியல். கொலையல்ல இது, கொள்ளையுமல்ல. ஆனாலும் குடியிருக்க முடியவில்லை! சீமானுக்கு இந்தத் தொல்லை உண்டா? அவருக்கு மதில் உண்டு, தோட்டம் உண்டு, வாயிற்காப்போன் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டிலே வாழும் உழைப்பாளிக்கல்லவா ஓயாத தொல்லை! ஆகவேதான், தோழர்களே, இங்கிலாந்து நாட்டு நகரசபைகள் இதனை எப்படிச் சமாளித்தன என்பதை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டுமென்கிறோம்.

சமூக விரோத நடத்தை என்று அங்கே பெயர் வைத்தார்கள். போலீசாரோடு சேர்ந்து இதனைக் கவனிக்கும் பொறுப்பு நகரசபைக்கு உண்டு. ஏனெனில், உழைப்பாளிகள் குடியிருக்கும் வாடகை வீடுகளில் ஏராளமானவை நகரசபைகளுக்கே சொந்தம். தெருவும் அவர்களுடையது, பூங்காவும் அவர்களுடையது. வீட்டுக்காரரும் அவர்களே, ஊர்க்காவலரும் அவர்களே!

1998இல் டோனி பிளேர் தலைமையிலிருந்த தொழிற்கட்சி சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொல்லை தருபவன்மீது நகரசபையோ போலீசோ மனுச் செய்தால், "இன்ன தெருவிலே கால் வைக்காதே, இன்னாரோடு சேராதே" என்று கோர்ட்டு தடையாணை போடலாம். ஆணை குற்றத் தண்டனையல்ல. மீறினாலோ 5 ஆண்டு வரை சிறை! முழக்கம் பெரிது. முடிவு? 1999 முதல் 2013 வரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 24,000க்கு மேற்பட்ட ஆணைகள் பிறந்தன. அவற்றிலே பாதிக்கு மேற்பட்டவை மீறப்பட்டன. ஆணை வாங்கிய விடலைகளிலே சிலர் அதனைப் பதக்கமாகக் கருதி மார்தட்டித் திரிந்தனராம்! கடைசியில் 2014இல் புதுச்சட்டம் இயற்றி, அந்த ஆணையை ஓரங்கட்டினார்கள்.

அதே 1999இல், லண்டனின் இஸ்லிங்டன் பகுதியிலே வேறொரு வழி பிறந்தது. தொல்லை தரும் பையனைக் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. பெற்றோரோடு உட்காரவைத்துப் பேசினார்கள். "கல்லெறியமாட்டேன், சுவரிலே கிறுக்கமாட்டேன்" என்று அவனே கையெழுத்திட்ட ஒப்பந்தம்! ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலே இன்னும் ஒரு படி மேலே போனார்கள், 1990களின் நடுவிலே. ஊரே வெறுத்து, வீட்டைவிட்டு விரட்டப்படும் நிலையிலிருந்த குடும்பங்களைத் தேடிப்பிடித்து, குடியா, கடனா, குழந்தை வளர்ப்பிலே குழப்பமா என்று வேரைத் தேடி மருந்து தந்தார்கள். விரட்டுவது எளிது, விரட்டப்பட்டவன் ஆகாயத்திலா குடியேறுவான்? அடுத்த தெருவுக்குத்தான் போவான், அங்கேயும் அதே கூச்சல்! 2006க்குப் பிறகு இங்கிலாந்திலும் அந்த முறையைப் பரப்பினார்கள்.

ஆனால், அந்த நாட்டை உலுக்கிய கதை ஒன்றுண்டு. லெஸ்டர்ஷயர் வட்டாரத்திலே ஒரு தாய். அவளுக்குக் கடுமையான கற்றல் குறைபாடுள்ள மகள். தெருப்பையன்கள் கூட்டம் அந்த வீட்டையே விளையாட்டுத் திடலாக்கிக்கொண்டது. கல் பறந்தது, முட்டை பறந்தது, ஏளனம் பறந்தது, ஆண்டுக்கணக்கிலே! போலீசை அழைத்தாள் அந்தத் தாய், 33 தடவை. ஒவ்வொரு அழைப்பும் தனித்தனிச் சில்லறைச் சம்பவமாகவே கருதப்பட்டது. முப்பத்து மூன்றையும் ஒரே நூலிலே கோத்துப் பார்க்க ஆளில்லை! 2007இல் அந்தத் தாய், மகளின் உயிரைப் போக்கித் தானும் மாண்டாள். போலீசின் தவறும் நகரசபை, மாவட்டசபையின் தவறும் இந்தச் சாவுக்குத் துணைபோயின என்று 2009இல் மரண விசாரணை ஜூரிகள் கூறினர். சட்டம் இல்லாமலா சாவு நேர்ந்தது? சட்டம் கட்டுக்கட்டாக இருந்தது. கேட்கும் காது இல்லை!

2014 சட்டத்திலே ஒரு நல்ல பகுதி சேர்ந்தது. 6 மாதத்துக்குள் 3 முறை புகார் கொடுத்தும் தீராவிட்டால், நகரசபையும் போலீசும் மற்ற துறையினரும் ஒன்றுகூடி அந்த வழக்கைத் திரும்ப ஆராய வேண்டும் என்று கேட்கும் உரிமை, பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. ஏழையின் கையிலே கிடைத்த பிடி இது. சிலாகிக்கிறோம்.

அதே சட்டத்திலேதான் இன்னொரு விபரீதமும்! பொது இடப் பாதுகாப்பு ஆணை என்று பெயர். ஒரு தெருவிலோ பூங்காவிலோ இன்னது செய்யக்கூடாதென நகரசபையே விதிக்கலாம். 3 ஆண்டு வரை செல்லும், நீட்டிக்கவும் செய்யலாம். தெருக் குடியைத் தடுக்கட்டும், நாயின் அசிங்கத்தைத் தடுக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் 2015இல் லண்டனின் ஹாக்னி நகரசபை என்ன செய்தது தெரியுமா? தெருவிலே படுத்துறங்குவதையும் தடுக்கும் பட்டியலிலே சேர்த்தது! மீறினால் 100 பவுன் அபராதம்! கூரையில்லாதவனிடம் 100 பவுன்! அது இருந்தால் அவன் ஏனய்யா கல்தரையிலே கிடக்கிறான்? ஊரார் உறக்கத்தைக் கெடுப்பவனும், உறங்க இடமின்றித் தவிப்பவனும் ஒன்றா? கொதித்தெழுந்தனர் மக்கள். பல்லாயிரவர் கையெழுத்திட்டனர். சில வாரங்களிலே அந்த விதியைக் கைவிட்டது நகரசபை.

இந்தப் புத்தி புதிதல்ல. நெப்போலியன் போர் முடிந்து, வேலையின்றித் திரும்பிய சிப்பாய்கள் தெருவிலே திரிந்த காலத்திலே, 1824இல், பிச்சையெடுப்பதையும் வெளியிலே படுப்பதையும் குற்றமாக்கிய சட்டம் அங்கே பிறந்தது. நாட்டுக்காகக் குண்டடிபட்டவனுக்கு நாடு தந்த பரிசு! அதனை நீக்குவதென 2022இல்தான் பார்லிமெண்டு சட்டமியற்றியது. அதையும் அமலாக்காமல் ஆண்டுக்கணக்கிலே கிடப்பிலே போட்டுவைத்தார்கள்.

விடலைகள் கதைக்கு வருவோம். மாலை வேளையிலே அவர்களுக்கு ஒதுங்க இடமாக இருந்தவை இளைஞர் மன்றங்கள்: மேசைப் பந்து, குத்துச்சண்டைப் பயிற்சி, பேச்சுத் துணைக்கு ஓர் அண்ணன். 2010க்குப் பிறகு மத்திய சர்க்கார் நகரசபைகளுக்குத் தந்த பணத்தை வெட்டியது; நகரசபைகள் முதலிலே கைவைத்த இனங்களில் ஒன்று இந்த மன்றங்கள். பத்தாண்டுக்குள், இளைஞர் பணிக்கான செலவு பாதிக்கும் கீழே போயிற்று. மன்றத்தின் கதவு பூட்டப்பட்டது. பையன்கள் படிக்கட்டுக்கு வந்தார்கள். படிக்கட்டிலே கூடாதே என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கதவைப் பூட்டிய அதே நகரசபையின் முத்திரையோடு!