கார் ஷெட்டில் ஒரு கம்ப்யூட்டர் பட்டறை: எந்த எல்.இ.டி. விளக்கு சரி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் ஆறு மாதம் கேபினட் பக்கமே போவதில்லை. பிறகு ஒரு நாள் ஃபேன் சத்தம் போடும். தூசி தட்ட வேண்டும், கூடுதல் ராம் பொருத்த வேண்டும் என்று மூடியைக் கழற்றுவோம். ஹாலில் இந்த வேலைக்கு இடமில்லை. எனவே கார் ஷெட்டில் ஒரு மேஜை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், சால்டரிங் அயர்ன் என்று சிறிய பட்டறை உருவாகிவிடும். சில நாட்களில் டிரில் மெஷினும் வந்து சேரும். என் வீட்டிலும் 18 அடிக்கு 10 அடி ஷெட் இப்படித்தான் பட்டறையாக மாறியது.

இதற்கெல்லாம் பணம் செலவழிக்கும் நாம், விளக்கைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. கார் நிறுத்த என்று எப்போதோ போட்ட ஒற்றை பல்புதான் அங்கே இருக்கும். மதர்போர்டில் பவர் ஸ்விட்ச் வயர் செருக வேண்டிய பின்கள் அருகே உள்ள எழுத்துகள் அரிசி அளவு கூட இருக்காது. டிரில் சுற்றும் இடத்திலோ வெளிச்சம் விரல்களைக் காப்பாற்றும் விஷயம். எனவே எல்.இ.டி. விளக்கு வாங்கும் முன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று இங்கு பார்க்கலாம்.

வாட் அல்ல, லூமென்

கடையில் “எத்தனை வாட் வேண்டும்?” என்று கேட்பார்கள். வாட் என்பது விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. அது கொடுக்கும் ஒளியின் அளவை லூமென் என்கிறோம். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென் கொடுத்தது. இன்றைய 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமென் கொடுக்கிறது. நான்கு அடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் சுமார் 2,000 லூமென் தரும். அட்டைப் பெட்டியில் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே வாட் உள்ள இரண்டு விளக்குகளில் லூமென் அதிகம் உள்ளதை எடுக்கவும்.

அடுத்தது லக்ஸ். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். ஷெட்டில் நடமாடவும் பொருட்களைத் தேடி எடுக்கவும் 200 லக்ஸ் போதும். மேஜையில் மதர்போர்டு வேலை பார்க்க 500 லக்ஸாவது வேண்டும். சால்டரிங் போன்ற நுண்ணிய வேலைக்கு 750 லக்ஸும் அதற்கு மேலும் நல்லது. வயது ஏற ஏற கண்ணுக்கு அதிக வெளிச்சம் தேவைப்படும். அப்பாவும் அந்த மேஜையில் உட்காருவார் என்றால் அதையும் கணக்கில் சேர்க்கவும்.

ஒரு சின்னக் கணக்கு

என் ஷெட்டின் பரப்பு 180 சதுர அடி. அதாவது சுமார் 16.7 சதுர மீட்டர். 200 லக்ஸ் கிடைக்க 16.7ஐ 200ஆல் பெருக்கினால் 3,340 லூமென் வருகிறது. ஆனால் விளக்கில் இருந்து புறப்படும் ஒளி முழுவதும் வேலை செய்யும் இடத்திற்கு வருவதில்லை. சுவரும் கூரையும் ஒரு பகுதியை விழுங்கிவிடும். 60 சதவீதம் வந்து சேரும் என்று வைத்துக்கொண்டு 3,340ஐ 0.6ஆல் வகுத்தால் சுமார் 5,570 லூமென். 2,000 லூமென் டியூப் மூன்று போட்டால் சரியாக இருக்கும். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தால் இந்தக் கணக்கு பலிக்கும். சிமெண்ட் பூச்சோடு விட்ட சாம்பல் நிறச் சுவர் என்றால் இன்னொரு டியூப் தேவைப்படலாம். வெள்ளை அடிப்பது அதைவிட நல்ல வழி.

எங்கே மாட்டுவது?

ஷெட்டின் நடுவில் ஒரே விளக்கு இருந்து, மேஜை சுவரோரம் இருந்தால் என்ன ஆகும்? நாம் விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்போம். நம் தலையின் நிழல் கேபினட்டுக்குள் விழும். எவ்வளவு பெரிய விளக்கு போட்டாலும் நிழல் போகாது. எனவே மேஜைக்குத் தனியாக ஒரு டியூப் வேண்டும். அது நம் தலைக்குப் பின்னால் இல்லாமல், மேஜைக்கு நேர் மேலே, நம் முகத்திற்குச் சற்று முன்பாக வர வேண்டும்.

உயரமும் முக்கியம். விளக்கை விட்டு விலக விலக வெளிச்சம் வேகமாகக் குறையும். நான் மேஜைப் பலகையில் இருந்து மூன்றரை அடி உயரத்தில் ஒரு டியூப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். அது மட்டுமே சுமார் 400 லக்ஸ் தருகிறது. கூரை விளக்குகளோடு சேர்ந்து 600ஐத் தொடும். சால்டரிங் செய்யும்போது மட்டும் வளைத்துத் திருப்பக்கூடிய 7 வாட் மேஜை விளக்கைப் போட்டுக்கொள்கிறேன்.

மேஜையில் மானிட்டரும் வைப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்கவும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் விளக்கு திரையில் பளிச்சென்று பிரதிபலித்துக் கண்ணை உறுத்தும். திரைக்குப் பக்கவாட்டில் விளக்கு இருப்பது நல்லது.

நிறம் சரியாகத் தெரிய வேண்டும்

கம்ப்யூட்டர் வேலைக்கு இது மிக முக்கியம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்து வரும் வயர்களில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். மல்டி மீட்டர் வைத்துச் சோதிக்கும்போது சிவப்பையும் ஆரஞ்சையும் குழப்பிக்கொண்டால், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிவோம். ரெசிஸ்டர் விஷயமும் இப்படியே. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1,000 ஓம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10,000 ஓம். ஒரு வளையத்தின் நிறம் தவறாகத் தெரிந்தால் மதிப்பு பத்து மடங்கு மாறிவிடும்.

பொருட்களின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ. இதன் உச்சம் 100. சாதாரண எல்.இ.டி. விளக்குகளில் 80 இருக்கும். அதற்குக் குறைந்ததையும், பெட்டியில் இந்த எண்ணே இல்லாததையும் தவிர்க்கவும். மேஜை விளக்கிற்கு மட்டும் 90 அல்லது அதற்கு மேல் கேட்டு வாங்கவும். கூடவே ஆர்9 என்ற எண் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் பார்க்கவும். அது அடர் சிவப்பு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லும். சி.ஆர்.ஐ. கணக்கில் அந்தச் சிவப்பு சேர்வதில்லை என்பதால் இதைத் தனியாகப் பார்ப்பது பயன் தரும்.

ஒளியின் நிறம் கெல்வினில் குறிக்கப்படும். 3,000 கெல்வின் குண்டு பல்பு போன்ற மஞ்சள் ஒளி. 4,000 நடுத்தர வெள்ளை. 6,500 நீலம் கலந்த பளீர் வெள்ளை. பட்டறைக்கு 4,000 முதல் 6,500 வரை எதுவும் ஒத்துவரும். இரவு வெகு நேரம் உட்காருபவர்களுக்கு 4,000 இதமாக இருக்கும். எதுவானாலும் எல்லா விளக்குகளும் ஒரே கெல்வினில் இருக்கட்டும்.

சுற்றுவது நிற்பது போல் தெரிந்தால்?

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரைவர் மலிவாக உள்ள எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் நிமிடத்திற்கு 3,000 முறை சுற்றும் டிரில் பிட், நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. விளக்கு ஒரு முறை மின்னி அடுத்த முறை மின்னுவதற்குள் அது சரியாக அரைச் சுற்று திரும்பியிருக்கும். இரண்டு வெட்டு முனை கொண்ட பிட் அரைச் சுற்றில் முன்பு போலவே தோன்றும். விளைவு, ஓடிக்கொண்டிருக்கும் டிரில் நின்றுவிட்டது போல் தெரியும். கையை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சோதிப்பது எளிது. கடையில் விளக்கை எரியவிட்டு, உங்கள் மொபைல் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பார்க்கவும். வெளிச்சம் துடிப்பது தெரிந்தால் அந்த விளக்கு பட்டறைக்கு வேண்டாம். போன் இல்லையென்றால் விளக்கின் கீழே ஒரு பேனாவை வேகமாக ஆட்டவும். மங்கலான விசிறி போல் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் துடிப்பு அதிகம் என்று பொருள்.

யு.பி.எஸ்.ஸில் இணைக்கலாமா?

பெட்டியில் பவர் ஃபேக்டர் என்ற எண் இருக்கும். 20 வாட் விளக்கின் பவர் ஃபேக்டர் 0.5 என்றால், அது யு.பி.எஸ்.ஸில் இருந்து 40 வி.ஏ. எடுக்கும். 0.9 என்றால் சுமார் 22 வி.ஏ.தான். நான்கு டியூப்களுக்கு இது 160க்கும் 89க்கும் உள்ள வித்தியாசம். கம்ப்யூட்டருக்கு வாங்கிய 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் எல்லா விளக்குகளையும் ஏற்ற வேண்டாம். மின்தடையின்போது ஃபைலை சேவ் செய்து கம்ப்யூட்டரை நிறுத்தும் நேரம் குறைந்துவிடும். பட்டறையில் இருட்டில் தடுமாறாமல் இருக்க, பேட்டரி உள்ளேயே இருக்கும் இன்வெர்ட்டர் பல்பு ஒன்று போதும்.

வெப்பமும் பாதுகாப்பும்

எல்.இ.டி. விளக்கு 25,000 மணி நேரம் உழைக்கும் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது எல்.இ.டி. அல்ல, உள்ளே இருக்கும் டிரைவர். அதன் எதிரி வெப்பம். ஷீட் கூரை ஷெட்டில் மே மாத வெயிலில் கூரையோடு ஒட்டி மாட்டாமல், அரை அடி இறக்கி மாட்டவும். வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதியில் 140 முதல் 270 வோல்ட் வரை தாங்கும் விளக்காகப் பார்க்கவும். பி.ஐ.எஸ். அடையாளமும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

பழைய டியூப் லைட் ஃபிட்டிங்கில் எல்.இ.டி. டியூப்பை மட்டும் செருகும் யோசனை வேண்டாம். சோக், ஸ்டார்ட்டரை நீக்கி வயரிங்கை மாற்ற வேண்டியிருக்கும். சில டியூப்களில் ஒரு முனையைச் செருகும்போது மறுமுனையைத் தொட்டால் ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு. ஃபிட்டிங்கோடு சேர்ந்த புதிய செட்டை வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டவும். ஷெட்டின் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது உயிருக்குப் பாதுகாப்பு.

கரண்ட் பில்

என் ஷெட்டில் நான்கு டியூப், ஒரு மேஜை விளக்கு சேர்த்து 87 வாட். தினமும் மூன்று மணி நேரம் எரித்தால் மாதம் 8 யூனிட்டுக்குள் அடங்கும். சோக் வைத்த பழைய டியூப் ஒன்று சுமார் 50 வாட் எடுக்கும். அதில் நான்கும், ஒரு 60 வாட் பல்பும் என்றால் 23 யூனிட்டைத் தாண்டும்.

கடைக்குப் போகும் முன் ஷெட்டின் நீள அகலத்தை அளந்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டு, தேவையான லூமெனை ஒரு தாளில் எழுதிக்கொள்ளவும். அதன் கீழே சி.ஆர்.ஐ., கெல்வின், பவர் ஃபேக்டர், வோல்ட் அளவு ஆகிய நான்கையும் எழுதவும். தாளைப் பார்த்துப் பெட்டியை ஒப்பிட்டால் எந்த விளக்கு சரி என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.