மூன்று கிழமை இருமினால் சும்மா இருக்க வேண்டாம்



தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை தூக்கப் போன நம்ம ஆட்கள் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது இருமிக்கொண்டே வருவதைப் பார்க்கிறோம். கேட்டால், "வெங்காயத் தூசி, ஒன்னுமில்ல" என்பார்கள். தூசியாலும் இருமல் வரும்தான். ஆனால் மூன்று கிழமையாகியும் நிற்காத இருமலை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

சளியில் இரத்தம், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, உடம்பு மெலிதல். இவை காசநோயிலும் வரும், நுரையீரல் புற்றுநோயிலும் வரும். ஆளைப் பார்த்து மட்டும் இது எதுவென்று சொல்ல முடியாது. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தேவை. சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுத்து, நுரையீரலில் சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். காசநோய் தொற்றும், ஒழுங்காக மருந்து எடுத்தால் குணமாகும். புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவே தொற்றாது. நோயாளிக்குத் தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைப்பதும், பேரப்பிள்ளையை மடியில் உட்கார விடாததும் வீண் பயம். அது நோயை விட அதிகமாக அந்த மனுசனை வாட்டும்.

இந்த நோய்க்கு முதல் காரணம் பீடி, சிகரெட், சுருட்டுப் புகை. லயக் காம்பராவுக்குள் ஒருவர் குடித்தால் அந்தப் புகை மனைவி பிள்ளைகளுக்கும் போகிறது. புகைபோக்கி இல்லாத குசினியில் தினமும் விறகுப் புகையைச் சுவாசிப்பதும் நெஞ்சுக்குக் கெடுதி. பீடியே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருவதுண்டு. ஆகவே "நீயே தேடிக்கிட்டது" என்று யாரையும் குத்திப் பேச வேண்டாம். நோய் வந்த பிறகு விட்டாலும் சிகிச்சைக்கு அது உதவும். விட நினைப்பவர்கள் 1948 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு மாத்தளை அல்லது தம்புள்ளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புற்றுநோய் சிகிச்சை கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் நடக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே எல்லாம் கையோடு இருக்கட்டும். சிங்களம் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் சொல்வதில் விளங்காததைத் திரும்பக் கேட்பதில் வெட்கமில்லை.

புற்றுநோயாளருக்கு அரசாங்க உதவிப்பணம் உண்டு. கிராம சேவகரைக் கண்டு, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள்.

நோய் முற்றினாலும், "இனி செய்ய ஒன்னுமில்ல" என்று கைவிட வேண்டாம். வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்க மருந்து இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பார்த்துக்கொள்ளும் மனைவியும் மகளும் களைத்துப் போவார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஒரு நேரச் சோறு ஆக்கிக் கொடுத்தாலே பெரிய உதவி.

உங்கள் லயத்தில் இருமிக்கொண்டிருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கிழமையே அவரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள்.