தாம்பரம் வீடுகளில் டிஜிட்டல் போட்டோ ஃபிரேம்: படம் ஏற்றுவது எப்படி, ஆல்பத்தைக் காப்பது எப்படி?

2015 டிசம்பர் 2-ம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. அடையாறு கரைபுரண்டதில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. போன ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் தவணையிலாவது திரும்ப வாங்கிவிடலாம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பத்தை எந்தக் கடையில் வாங்குவது? ஊறிய பக்கங்கள் ஒட்டிக்கொண்டு காய்ந்துவிட்டால், பிரிக்கும்போது முகமே உரிந்து வந்துவிடும்.

இப்போது அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் தரும் பரிசுகளில் டிஜிட்டல் போட்டோ ஃபிரேமும் ஒன்று. பையன் அமெரிக்காவில், பொண்ணு ஓஎம்ஆரில். சேலையூர் வீட்டு ஹாலில் படங்கள் மட்டும் மாறி மாறி ஓடும். வாங்குவது சுலபம். படம் ஏற்றி, கார்டைச் செருகினால் ‘ஃபைல் இல்லை’ என்று வரும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

ஃபிரேமைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு படத்தின் ஃபார்மட்டிலோ கார்டிலோதான் இருக்கும். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை ‘ஹெச்இஐசி’ ஃபார்மட்டில் சேமிக்கின்றன. விலை குறைந்த பல ஃபிரேம்களுக்குத் தெரிந்தது ஜேபெக் மட்டும்தான். செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என மாற்றினால், இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை ஜேபெக்காக மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்தது கார்டு. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எஸ்டி கார்டுகள் ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் வருகின்றன. பல ஃபிரேம்கள் படிப்பது ‘ஃபேட்32’ மட்டுமே. பெரிசா வாங்கினா நிறைய ஏத்தலாம்னு 128 ஜிபி வாங்குபவர்கள் மாட்டுவது இங்கேதான். 32 ஜிபி கார்டே தாராளம்.

ஏன் தாராளம்? 10 இன்ச் ஃபிரேம்கள் பலவற்றின் திரை 1280x800. அதாவது சுமார் 10 லட்சம் பிக்சல். போன் எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தில் இருப்பது 1.2 கோடி. மிச்சமெல்லாம் ஃபிரேமுக்குச் சுமைதான். படம் மாறவே திணறும். நீளப் பக்கத்தை 1280-க்குச் சுருக்கிவிட்டால் ஆயிரக்கணக்கான படங்கள் 2 ஜிபிக்குள் அடங்கும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில ஃபிரேம்கள் திரையை நிரப்புகிறேன் என்று தாத்தாவின் தலையை வெட்டிவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றலாமா? தாராளமாக. சுருங்கிய ஜேபெக் என்பதால் ஃபிரேமுக்கு அது பொருத்தம். ஆனால், எடுத்த தேதி அழிந்திருக்கும், வரிசை குழம்பும். வைஃபை ஃபிரேம் என்றால் கார்டே தேவையில்லை. ‘ஃப்ரேமியோ’ போன்ற ஆப்பில் ஃபிரேம் தரும் கோடைப் போட்டால், டல்லாஸிலிருந்தே படம் அனுப்பலாம். பல ஃபிரேம்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இணையும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் ஃபிரேமிலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழைய படங்களே ஓடிக்கொண்டிருக்கும். பாவம், அப்பாவும் அம்மாவும் ‘பையன் பிஸி போல’ என்று நினைத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. ‘அதான் ஃபிரேம்ல இருக்கே’ என்று போனில் இருக்கும் ஒரிஜினலை அழித்துவிடுகிறார்கள். ஃபிரேமில் இருப்பது சுருங்கிய நகல். திரைக்குப் போதும், பெரிதாக பிரின்ட் போட உதவாது. கார்டும் ஒருநாள் பழுதாகும். ஒரிஜினல் ஹார்டு டிஸ்கில் ஒன்று, கிளவுடிலோ வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பிடமோ ஒன்று இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கை அதே பீரோவின் அதே கீழ்த்தட்டில் வைத்தால், வெள்ளத்தைப் பொறுத்தவரை அது இன்னொரு ஆல்பம்தான்.

பழைய ஆல்பங்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஸ்கேன் செய்துவிடுவது நல்லது. ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ. இல்லையென்றால் கூகுளின் ‘போட்டோஸ்கேன்’ ஆப் போதும், பளபளப்பையும் நீக்கித் தரும். பசைப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்காமல் அப்படியே எடுங்கள். ஆல்பம் நனைந்துவிட்டால் காயும் வரை காத்திருக்கக் கூடாது; ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் மெதுவாகப் பிரித்து, முகப்பு மேலே பார்க்க நிழலில் உலர்த்த வேண்டும்.

ஸ்கேன் செய்யும் அன்று அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டு ஃபைல் பெயரிலேயே போட்டுவிடலாம்: ‘1984, மேடவாக்கம், பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம்’.