வாத்தியார் வீட்டுத் திண்ணையும் டியூஷன் மிஸ் வீட்டு ஹாலும்

எழுபது, எண்பதுகளில் கும்பகோணம், மாயவரம் பக்கம் ஒரு பையன் டியூஷன் போகிறான் என்றால், பெரும்பாலும் அவன் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறான், கணக்கும் இங்கிலீஷும் இடிக்கிறது என்று பொருள். மற்றப் பாடங்களை நெட்டுருப் போட்டாவது கரையேறலாம். இந்த இரண்டும் காலை வாரிவிடும். அரைப்பரீட்சை மார்க் வந்ததும் அப்பா பையனை அழைத்துக்கொண்டு கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போய், "பாஸ் பண்ண வெச்சுடுங்க சார், அது போதும்" என்று ஒப்படைத்துவிட்டு வருவார்.

திண்ணையில் கோரைப்பாய், தலைக்கு மேல் குண்டு பல்பு, சுவரில் சாய்த்த கரும்பலகை. சின்னப் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு வரை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். பெரியவர்கள் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் பிரித்து, ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். மாதச் சம்பளம் கொடுக்க முடியாத வீட்டிலிருந்து அறுவடைக்குப் பிறகு நெல் வரும். ஒன்றும் வராத வீட்டுப் பிள்ளையையும் போகச் சொல்லாத வாத்தியார்கள் இருந்தார்கள். ஆனால் அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்துவிட முடியவில்லை. சேரியிலிருந்து வந்த பிள்ளைக்குப் பல ஊர்களில் படியேற இடமில்லை. பொழுது சாய்ந்தபின் பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் மனம் வராது. பிரம்புக்குப் பயந்தே பாதியில் நின்றவர்களும் உண்டு.

இன்று டியூஷன் எல்.கே.ஜி.யிலேயே தொடங்கிவிடுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏதாவதொரு குடியிருப்பின் மாடிப்படியில் செருப்புகள் குவிந்து கிடந்தால், அங்கே ஒரு டியூஷன் மிஸ் இருக்கிறார். பெரும்பாலும் பட்டம் படித்து, கல்யாணமாகி, வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டில் இருப்பவர். ஹாலில் ஒரே நேரத்தில் நான்கைந்து வகுப்புப் பிள்ளைகள். சிலர் ஸ்டேட் போர்டு, சிலர் சி.பி.எஸ்.இ. முதலில் டைரியைப் பார்த்து வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டும், பிறகு மறுநாள் டெஸ்டுக்குப் படிக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அபாகஸ், ஃபோனிக்ஸ் வகுப்புகளும் உண்டு. ஜப்பானில் 1954-இல் தோரு கூமோன் என்ற கணக்கு ஆசிரியர் தன் மகனுக்காக எழுதத் தொடங்கிய பயிற்சித்தாள்கள் இன்று சென்னை வரை வந்திருக்கின்றன. நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 27 பேர் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள் என்கிறது 2025-இல் வெளியான ஒன்றிய அரசின் கல்விக் கணக்கெடுப்பு.

இந்த மாற்றத்துக்குப் பெற்றோரைக் குறை சொல்வது நியாயமல்ல. தமிழ் வழியில் படித்த அம்மா, இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளையின் நோட்டைப் பிரித்ததும் திகைத்துப் போகிறார். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கும் அதே திகைப்பு வந்து சேர்ந்தது. கணக்கும் இங்கிலீஷும் அன்று இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். இன்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. கூட்டவும் கழிக்கவும் தெரிந்த பிள்ளை, கேள்வியில் கூட்டச் சொல்கிறார்களா கழிக்கச் சொல்கிறார்களா என்று புரியாமல் உட்கார்ந்திருக்கிறது. "கணக்கே வரமாட்டேங்குது மிஸ்" என்று சொல்லித்தான் சேர்க்கிறார்கள். வராதது பல சமயம் கேள்வியின் மொழி.

அன்றானாலும் இன்றானாலும் நல்ல டியூஷன் என்பது பிள்ளை தப்புச் செய்யும் அந்த நிமிஷத்தில் பக்கத்தில் ஒருவர் இருப்பதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 402-இலிருந்து 178-ஐக் கழித்து 376 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, 224 என்று விடையைப் பக்கத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கூட உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்: ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. எட்டிலிருந்து இரண்டு, ஏழிலிருந்து பூஜ்யம், நாலிலிருந்து ஒன்று. பிள்ளை கவனக்குறைவாகப் போட்ட கணக்கு அல்ல அது. கடன் வாங்குவது மட்டும்தான் அதற்குப் பிடிபடவில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் போதும். வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்பும் அவசரத்தில் இந்த ஐந்து நிமிஷம்தான் முதலில் காணாமல் போகிறது.

பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவில் சொல்கிறது. அது சரியான விதி. வகுப்பில் தர வேண்டியதை வீட்டில் விற்கக் கூடாது. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தை, காசு கொடுக்க முடியாத பிள்ளைக்கு யார் தருவது? கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அதற்கு ஒரு பதில் சொன்னது. அதே தெருவில் வசிக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள். ஏறக்குறைய இருபது பிள்ளைகள். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பாட்டும் விளையாட்டுமாக எழுத்தும் எண்ணும் வந்தன. அன்று திண்ணைக்கு வரமுடியாத பெண் பிள்ளைகள் இங்கே பயமில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள்.

தொற்றுக்கால அவசரத்துக்கு வந்த அந்த ஏற்பாடு ஊருக்கு ஊர் நிரந்தரமாக வேண்டும். பள்ளிகளும் பெற்றோர் உதவியில்லாமல் பிள்ளை தானாகச் செய்யக்கூடிய அளவுக்கே வீட்டுப்பாடம் தர வேண்டும். அப்போதுதான் டியூஷன் மிஸ்ஸுக்கும் டைரியை மூடிவைத்துவிட்டுப் பிள்ளையின் கணக்கைப் பார்க்க நேரம் கிடைக்கும். டியூஷன் தேடும் பெற்றோர், மார்க் எவ்வளவு ஏறும் என்று கேட்பதற்கு முன்னால், "என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது?" என்று கேட்கட்டும். ஒரு மாதம் கழித்தும் அதற்குப் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை.