ரத்தம் கூடியிருக்கிறதா, பிடி இறுகியிருக்கிறதா?

ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 18.5 என்று தடித்த எழுத்தில் வந்தால் வீடே கலங்கிவிடும். "ரத்தம் கெட்டியாயிருக்கு, கொஞ்சம் எடுத்துடணும்" என்ற பேச்சும் வரும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றி, உடலெங்கும் இறக்கிவிடுவது ஹீமோகுளோபினின் வேலை. சிலருக்கு அது பிறவியிலேயே எச்சில் கையால் காக்கை ஓட்டாத கருமி. ஏற்றியதை எளிதில் இறக்காது. பற்றாக்குறையை உணரும் சிறுநீரகம், சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லி எரித்ரோபொயட்டினைச் சுரக்கிறது. ரிப்போர்ட்டில் ஏறிய எண், உடல் செய்துகொண்ட ஈடு. 1966-இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் விவரிக்கப்பட்ட ஹீமோகுளோபின் செசபீக் இந்த ரகம்தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதி வாய்ப்பு.

என்ன பரிசோதனை?

பெயர் பி50. ஹீமோகுளோபின் பாதி நிரம்ப எவ்வளவு ஆக்சிஜன் அழுத்தம் தேவை என்பதே அளவு. பெரியவர்களுக்குச் சுமார் 26, 27 மில்லிமீட்டர் பாதரசம். இதைவிடக் கணிசமாகக் குறைந்தால் பிடி இறுக்கம்.

எங்கே தவறும்?

ரத்தம் நேரங்கழித்து லேபுக்குப் போனால் அளவு மாறும். புகைபிடிப்பவர் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடும் பிடியை இறுக்கிக் காட்டும். வெளியூருக்கு அனுப்பினால், புகைபிடிக்காத ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் அதே பெட்டியில் போவது நல்லது. வழியில் கெட்டதா என்பது அதில் தெரிந்துவிடும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்பிஎல்சி சோதனை 'நார்மல்' என்றாலும் சில வகைகள் அதில் சிக்காது.

ஆபத்து இரு பக்கமும்

பிடி இறுகியவருக்கு அடிக்கடி ரத்தம் எடுத்தால், உடல் செய்துகொண்ட ஈடே பறிபோகும். மாறாக, எலும்பு மஜ்ஜை நோயான பாலிசைதீமியா வீராவைக் கவனிக்காமல் விட்டால் ரத்தக்கட்டு வரலாம். அதற்கு ரத்தம் எடுப்பதே சிகிச்சை. இரண்டையும் பிரித்தறிய ஜேஏகே2 மரபணுச் சோதனை உதவும். ஆகவே சிகிச்சையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

உங்கள் உரிமை

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். எழுத்தில் கேட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்போடு இன்னொரு மருத்துவரைப் பார்க்கலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சேவையில் கவனக்குறைவால் பாதிப்பு என்றால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

அடுத்த முறை "எடுத்துடணும்" என்றால், கையை நீட்டுமுன் கேளுங்கள்: "ஏன் கூடியது என்று பார்த்தாயிற்றா, டாக்டர்?"